போலீஸ் ட்ரோன் மொட்டைமாடிக்கு மேல் நின்றால்: சட்டம் என்ன சொல்கிறது, எதை எப்படிக் கேட்பது

இந்தியாவில் போலீஸ் ட்ரோனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அதனால் போலீஸ் எங்கும் பறக்கவிடலாம், எதையும் படமெடுக்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வரம்புகள் இருக்கின்றன, 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், தனியுரிமை பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்கள் என்று மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பறக்க அனுமதி வேறு, பார்க்க அதிகாரம் வேறு. புகாரில் இரண்டையும் குழப்பிவிட்டால், “அனுமதி வாங்கித்தான் பறக்கவிட்டோம்” என்ற ஒரே வரியில் கோப்பு மூடப்பட்டுவிடும்.

பறப்பதற்கு

ட்ரோன் விதிகள் முப்படைகளின் ட்ரோன்களுக்குப் பொருந்தாது. மாநிலப் போலீசுக்கு அந்த விலக்கு இல்லை. மத்திய அரசு தனி உத்தரவால் விலக்கு கொடுக்கலாம். கொடுத்திருந்தால் போலீஸ் அந்த உத்தரவைக் காட்ட வேண்டும். ஆகவே, அடையாறில் 2023-ல் தொடங்கப்பட்ட போலீஸ் ட்ரோன் பிரிவின் கருவிக்கும் சரி, மாவட்டத்தில் திருவிழா பந்தோபஸ்துக்கு வாடகைக்கு எடுக்கும் கருவிக்கும் சரி, பதிவு செய்த தனி அடையாள எண் இருக்க வேண்டும்.

உயரக் கணக்கு இது: பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் என்றால் 200 அடி, 60 மீட்டர். அந்த உயரங்களைத் தாண்டினால் மஞ்சள் மண்டலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி. ட்ரோன்களுக்கான அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் தெருவையே பார்த்துக்கொள்ளலாம். பல்லாவரம், ஆலந்தூர் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பலர் இடறும் இடம் விமானிச் சான்றிதழ். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்குச் சான்றிதழே தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்கவும் தேவையில்லை. கையில் தூக்கிப்போகும் பல ட்ரோன்கள் இந்த எடைக்குள்தான் வரும். எடையைத் தெரிந்துகொள்ளாமல் ‘சான்றிதழ் இல்லாமல் இயக்கினார்’ என்று எழுதினால், அந்த ஒரு தவறான வரிக்கு மட்டும் பதில் வரும், மற்றவை அப்படியே போய்விடும். ஆனால் போலீஸ் தனியார் ஒருவருக்குக் கூலி கொடுத்து அவருடைய மைக்ரோ ட்ரோனை இயக்கச் சொன்னால், அவருக்கு அது வணிகம், சான்றிதழ் வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, அன்று எடுத்த மெமரி கார்டு யார் வீட்டில் இருக்கிறது என்பது. வாடகை ட்ரோன் என்றால் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

எஸ்.பி. அல்லது அதற்கு இணையான தகுதிக்குக் குறையாத அதிகாரி, ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரைதான். டிஜிட்டல் ஸ்கையில் அறிவித்து, வரைபடத்திலும் காட்ட வேண்டும். போராட்டத்தைப் படமெடுக்கும் பத்திரிகையாளரின் ட்ரோனைத் தடுத்தால், முதலில் கேட்க வேண்டியது இந்த அறிவிப்பைத்தான்.

பார்ப்பதற்கு

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைத்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ், என்ன நியாயமான நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்கு இவ்வளவு தேவைதானா?

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நெரிசலை மேலிருந்து கவனிப்பது மூன்றிலும் தேறும் என்பது எங்கள் கருத்து. அதே ட்ரோன் ஒரு தெருவின் மொட்டைமாடிகளை வீடு வீடாகப் பெரிதாக்கிப் பதிவு செய்தால், குற்றம் என்ன, சந்தேகம் யார் மீது என்பதற்குப் பதில் வேண்டும். வீட்டுக்குள் தேட வாரண்ட் வேண்டும். இல்லையென்றால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 185-ன்படி விசாரணை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து, நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஜன்னல் வழியாகக் கேமராவை நுழைத்தால் இந்தக் கடமை மறைந்துவிடாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. ரவுடிப் பட்டியலில் இருப்பவரைக் கண்காணிப்பதற்கும் எல்லை உண்டு: இரவில் வீடு புகுந்து சோதிப்பதை 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குற்றம் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் தொலைபேசியை ஒட்டுக்கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, 2011-ல் போட்ட உத்தரவை ரத்து செய்தது. ட்ரோன் வழக்கில் மனு எழுதும் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பை அவசியம் படிக்க வேண்டும்.

பெண் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ யார் பார்த்தாலும் படமெடுத்தாலும் அது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 77-ன்படி குற்றம். இயக்கியவர் போலீஸ்காரர் என்பதால் அது குற்றமில்லாமல் போகாது.

அன்றைக்கே செய்ய வேண்டியது

போனில் வீடியோ எடுங்கள். வெட்டாமல் ஒரே பதிவாக, பக்கத்துக் கட்டடமோ தென்னை மரமோ ட்ரோனோடு சேர்ந்து தெரியும்படி எடுங்கள். வெறும் வானத்தில் ஒரு கரும்புள்ளி உயரத்தைக் காட்டாது. ஒரு மாடிக்குச் சுமார் 3 மீட்டர் என்று வைத்தால், நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு நேராக நிற்கும் ட்ரோன் 12 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து முகம் தெளிவாகத் தெரியும். தேதி, வந்த நேரம், போன நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கீழே போலீஸ் வாகனம் நின்றதா என்பதைத் தாளில் எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கிப்போகும். மூலக் கோப்பைப் போனிலேயே விட்டுவைத்து, கேபிள் வழியாக ஒரு நகல் எடுங்கள்.

கல் எறியாதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மீது வழக்கு வரும், பேச்சு அத்தோடு திசை மாறிவிடும்.

அடுத்த ஓரிரு நாளில் எஸ்.பி.க்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ ஒரு பக்கக் கடிதம்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தின் மேல் எடுத்த காட்சியையும் பறப்புப் பதிவையும் அழிக்காமல் வைக்கவும். ட்ரோன் விதிகளில் காட்சியை இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. கார்டு அடுத்த பந்தோபஸ்துக்குப் போனால் பழையது அழிந்துவிடும். கடிதம் கைக்குப் போன பிறகு அழித்தால், அழித்ததற்கு அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரும். விரைவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தகவல் அறியும் உரிமை மனு

மாவட்டக் காவல் அலுவலகம் அல்லது ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். ‘ஏன் பறக்கவிட்டீர்கள்?’ என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை என்று திருப்பிவிடுவார். ஆவணத்தைக் கேளுங்கள்:

1. குறிப்பிட்ட நாளில் பறந்த ட்ரோனின் தனி அடையாள எண், எடை வகை, அது துறையுடையதா வாடகையா.
2. பறக்கவிட ஆணையிட்ட உத்தரவின் நகல், ஆணையிட்டவரின் பதவி.
3. பறப்புப் பதிவில் உள்ள தொடக்கம், முடிவு, அதிகபட்ச உயரம், ஜிபிஎஸ் பாதை.
4. காட்சி இப்போது இருக்கும் இடம், அதைப் பார்க்க அனுமதி உள்ளவர்களின் பதவிகள், அழிப்பதற்கான விதி.
5. காட்சி முக அடையாள மென்பொருளில் ஏற்றப்பட்டதா என்பதைக் காட்டும் பதிவு.

நான்காவதும் ஐந்தாவதும்தான் முக்கியம். தமிழ்நாட்டுப் போலீசின் முக அடையாளத் தளம் 2024 மே மாதம் ஊடுருவப்பட்டது. எடுத்த முகம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க மக்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

காட்சியையே கேட்டால் மற்றவர்களின் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். 2025 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்த விலக்கு இன்னும் அகலமாகிவிட்டது. அதனால் பறப்புப் பதிவை முதலில் கேளுங்கள், அதில் யாருடைய முகமும் இல்லை. காட்சி வேண்டுமானால் பிரிவு 10-ன்படி மற்ற முகங்களை மறைத்துத் தரச் சொல்லுங்கள். ‘விசாரணை நடக்கிறது’ என்று மட்டும் சொல்லி மறுத்தால் போதாது. தகவலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என 2007-ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள்.

வழக்கில் ட்ரோன் காட்சி வந்தால்

சட்டவிரோதமாக எடுத்த சாட்சியம் என்பதாலேயே இந்திய நீதிமன்றம் அதைத் தள்ளிவிடாது. 1973-ல் பூரண்மல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆகவே தனியுரிமையை மட்டும் நம்பி எதிர்வாதம் கட்டாதீர்கள். பாரதிய சாக்‌ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் சான்றிதழைப் பாருங்கள். இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும்: கருவியைக் கையாண்டவரோ பொறுப்பாளரோ தருவது ஒன்று, நிபுணர் தருவது மற்றொன்று. இரண்டிலும் கோப்பின் ஹேஷ் எண் இருக்கும், அது கோப்பின் கைரேகை போன்றது. உங்களுக்குத் தந்த நகலின் ஹேஷோடு ஒப்பிடுங்கள். ஓரெழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு. பிறகு நேரத்தைப் பாருங்கள். பறப்புப் பதிவு உலகப் பொது நேரத்தில் இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மகஜரில் (போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் பதிவில்) மாலை 6 மணி என்றிருக்க, பதிவில் பகல் 12:30 என்று வருவது இதனால்தான். இதை மோசடி என்று வாதிட்டால் நம் பக்கம்தான் பலவீனமாகும். கழித்த பிறகும் நேரம் பொருந்தவில்லை என்றால் குறுக்கு விசாரணையில் கேளுங்கள். போலீஸ் தராத பகுதியை வரவழைக்க நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 94-ல் மனு போடலாம்.

வழக்கே இல்லாமல் கண்காணிப்பு மட்டும் தொடர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு. தென் மாவட்டத்தவர்களுக்கு மதுரைக் கிளை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தகவல் ஆணையத்தின் முடிவுக்குக் காத்திருந்தே அந்த ஓராண்டு ஓடிவிடக்கூடும் என்பதால், கையில் இருக்கும் வீடியோவையும் கடித நகலையும் வைத்து முதலில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். தகவல் மனுவின் பதில் வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.