‘பெரிய’ என்ற சொல்லை முதலில் பிடுங்குங்கள்

லாரி, கப்பல் மாதிரிப் பெரிய பொருள்களைப் பற்றிப் புதுக்கவிதை எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நடக்கிற தவறுகளைப் பார்ப்போம். எழுத்துப்பிழை, கையெழுத்து, நேரம் போதாமை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

முழுப் பொருளையும் எழுதச் சொல்வது

கரும்பலகையில் ‘லாரி’ என்று எழுதிவிட்டு, “எவ்வளவு பெரிசு, சொல்லுங்க பார்ப்போம்!” என்று ஆரம்பிப்பது. புதுக்கவிதை சொல்லித்தர வருகிற புது ஆசிரியர்கள் எல்லாரும் இதில்தான் விழுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். முப்பது பிள்ளைகளும் ஒரே கவிதையை எழுதுவார்கள்:

லாரி மிகப் பெரியது
மலை போல நிற்கிறது

‘பெரியது’ என்பது பார்த்துவிட்டுச் சொல்லும் முடிவு. அதை நீங்களே கொடுத்துவிட்டால் பிள்ளை எதற்குப் பார்க்க வேண்டும்?

நின்றிருக்கும், இன்ஜின் அணைத்த லாரிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் இடத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கட்டும். எட்டுக் குறிப்பு போதும்: கண்ணில் பட்டவை மூன்று, தொட்டறிந்தவை இரண்டு, மணமோ ஓசையோ ஒன்று, தன் உடம்போடு ஒப்பிட்ட அளவு இரண்டு. பிறகு ‘பெரிய’, ‘மாபெரும்’, ‘போல’ மூன்றையும் அடித்துவிட்டு, எட்டில் பாதியைக் கழிக்கச் சொல்லுங்கள். இப்படி ஏதாவது மிஞ்சும்:

சக்கரம்
என் மார்பு உயரம்.
அதன் பள்ளத்தில்
ஒரு சிறு கல்
எந்த ஊரில் ஏறியதோ
இன்னும் இறங்கவில்லை.

லாரியின் பருமன் இதில் தானாக வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வந்திருக்காது.

நேரில் காட்ட முடியாத பொருளென்றால் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளரும் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. மைதானத்தில் 30 மீட்டர் கயிற்றை இழுத்துக் கட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எண்ணி நடக்க விடுங்கள். எத்தனையாவது எட்டு வைக்கும்போது அலுப்புத் தட்டியது என்று கேளுங்கள். முதல் வரி அங்கேதான் கிடைக்கும்.

உரைநடையை நறுக்கி அடுக்குவது

மூன்று சொல்லுக்கு ஒருமுறை வரியை உடைத்தால் கவிதையாகாது. ‘அதன் பள்ளத்தில் ஒரு’ என்று உடைத்தால் ‘ஒரு’ அந்தரத்தில் தொங்கும். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குரல் தானாக நிற்கிற இடத்தில் உடையுங்கள்.

எதுகை தேடுவது

கப்பலுக்கு எதுகையாகக் குப்பைதான் வந்து சேரும்.

ஆசிரியர் ஒரு வரி சேர்ப்பது

கூடவே கூடாது. வேண்டாத சொல்லை அடிக்கச் சொல்லலாம், அதுவும் பிள்ளையின் பேனாவால்.