பெயிண்ட் பூத் காற்றைச் சுத்தம் செய்வதில் நடக்கும் தவறுகள்

உலோகப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கூடத்தின் புகைபோக்கி அருகே நின்றால் டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிடேட், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்று, பெயிண்டைக் கரைக்கும் சால்வென்ட்களின் ஆவி மூக்கைத் துளைக்கும். இதை அடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆக்டிவேட்டட் கார்பனின் நுண்துளைகளில் ஆவியை ஒட்டவைப்பது. மற்றொன்று, பிளாட்டினமோ பல்லேடியமோ பூசிய வினையூக்கி வழியாக அனுப்பி ஆக்சிஜனேற்றம் செய்வது. வெறும் நெருப்பில் 750 டிகிரிக்கு மேல் நடக்கிற வேலை இதில் 250 முதல் 400 டிகிரிக்குள் முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்தும் வைக்கிறார்கள்: கார்பனில் பிடித்து, அது நிறைந்ததும் சூடான காற்றால் விடுவித்து, வினையூக்கிக்கு அனுப்புவது. இயந்திரம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் போகும் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கேட்காததில்தான் கோளாறு.

கார்பன் வாங்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் கொட்டாங்குச்சிக் கார்பனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்குபவர் கேட்பது அயோடின் எண்ணை மட்டும். அது கரைசலில் இருந்து கார்பன் எவ்வளவு அயோடினைப் பிடிக்கிறது என்று திரவத்தில் செய்யும் சோதனை. தண்ணீர் சுத்திகரிப்புக்குப் பழகிய கணக்கு. சால்வென்ட் ஆவிக்கு சி.டி.சி. எண்ணை, அதாவது கார்பன் டெட்ராகுளோரைடு ஆவியைக் கார்பன் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவைக் கேளுங்கள். அதோடு ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் மாதிரி சின்ன மூலக்கூறுகள் சாதாரணக் கார்பனில் சரியாக நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது ஈரம். பெயிண்ட் தூசியைப் பிடிக்க நீர்த்திரை வைத்திருப்பார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கிருந்து சொட்டச் சொட்ட வரும் காற்றை அப்படியே கார்பனுக்குள் விடுவார்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நுண்துளைகளில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், சால்வென்டுக்கு இடம் இருக்காது. முதலில் நீர்த்துளிகளைப் பிரித்து, பிறகு கொஞ்சம் சூடாக்க வேண்டும். 30 டிகிரியில் முழு ஈரத்தோடு வரும் காற்று 40 டிகிரிக்குப் போனாலே ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கிவிடும். அதற்கு மேல் சூடாக்காதீர்கள். கார்பன் பிடித்துவைத்ததை விட ஆரம்பிக்கும். உலர்த்தும் அடுப்பின் காற்றைக் குளிர்விக்காமல் கார்பனுக்கு இணைத்துவிட்டு, 'கார்பன் போலி' என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கார்பனை மாற்ற காலண்டரைப் பார்ப்பதும் தவறு. வேலை கூடினால் படுகை (தொட்டியில் நிரப்பிய கார்பன் அடுக்கு) சீக்கிரம் நிறையும். நிறைந்த பிறகு சைலீன் மாதிரி கனமான ஆவி வந்தால், முன்பு ஒட்டியிருந்த இலேசான ஆவியைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். அப்போது அந்த இலேசான ஆவி உள்ளே போவதைவிட வெளியே அதிகமாக வரும்! வெளிவாயில் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

எம்.இ.கே., சைக்ளோஹெக்சனோன் போன்ற கீட்டோன்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இவை கார்பன் மேல் மெல்ல ஆக்சிஜனேற்றமாகி வெப்பத்தை உண்டாக்கும். காற்றோட்டம் குறைந்தால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கிப் படுகையே கங்காகிவிடும். தடித்த படுகையில் ஒரே ஒரு வெப்பமானி வைத்தால் போதாது. வெளிவாயில் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறதா என்று பார்த்தால் முன்பே தெரிந்துவிடும்.

சரி, வினையூக்கிப் பக்கம் வருவோம். ஒரு கனமீட்டர் காற்றில் 1 கிராம் டொலுயீன் எரிந்தால் காற்றின் வெப்பம் சுமார் 30 டிகிரி ஏறும். கார்பனைச் சூடாக்கி விடுவிக்கும்போது ஆவி சீராக வராது. ஒரு கட்டத்தில் அலையாக வரும். அது 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் கால்வாசிதான், அதனால் எச்சரிக்கை மணி அடிக்காது. ஆனால் 300 டிகிரியில் நுழைந்த காற்று 600-ஐத் தொட்டிருக்கும். அந்தச் சூட்டில் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, வினையூக்கி நிரந்தரமாகச் சோம்பிப்போகத் தொடங்கும். வெடிக்காது என்பதால் வினையூக்கி பிழைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். இதற்கு வெளிக்காற்றைக் கலந்து ஆவியின் செறிவைக் குறைக்கும் வால்வு தானாகத் திறக்கும்படி இருக்க வேண்டும்.

சூடு குறைந்தாலும் வம்புதான். வினையூக்கி சூடேறும் முன்பே பூத்தை ஓட்டினால் சால்வென்ட் அரைகுறையாக எரிந்து ஆல்டிஹைடுகளாக மாறும். புற ஊதா விளக்கால் ஆவியைக் கண்டறியும், கையில் வைத்து அளக்கும் பி.ஐ.டி. கருவி சுழியம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், வழக்கமான 10.6 எலக்ட்ரான்வோல்ட் விளக்கால் ஃபார்மால்டிஹைடைப் பார்க்க முடியாது.

வினையூக்கிக்கு ஆகாத பொருள்களில் முதல் இடம் சிலிக்கோனுக்கு. பெயிண்டில் சேர்க்கும் சேர்மானத்திலோ பக்கத்து அறையில் அடிக்கும் ஸ்பிரேயிலோ அது ஒளிந்திருக்கும். எரிந்து சிலிக்காவாகப் படிந்துவிடும். வெறும் தூசி என்றால் கழுவிப் பார்க்கலாம். இதைக் கழுவி எடுக்க முடியாது. குளோரின் உள்ள சால்வென்ட் என்றால் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகி குழாயை அரிக்கும். அதற்கேற்ற வினையூக்கியும் பின்னால் வாயுவைக் கழுவும் ஒரு ஸ்கிரப்பரும் இல்லாமல் தொடாதீர்கள்.

பழைய கார்பனை அள்ள ஆளைத் தொட்டிக்குள் இறக்கும்போது நடக்கும் தவறு உயிரையே வாங்கும். ஈரமான கார்பன் மூடிய தொட்டியில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மணம் இல்லை, புகை இல்லை, சந்தேகமே வராது. மூடியைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திய பிறகே ஆளை இறக்குங்கள்.