பேட்டரி ஃபுல், ஆனாலும் வேன் ஃப்ரிட்ஜ் அணைகிறதா?

கேம்பர் வேனில் (தங்கிப் பயணிக்கும் வேன்) ஃப்ரிட்ஜ், விளக்குக்கான தனி பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஆனால் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுகிறது என்றால், உடனே புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒயரைச் சோதியுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வழியில் வோல்டேஜ் குறைந்து (இதுதான் வோல்டேஜ் இறக்கம்), ஃப்ரிட்ஜுக்குப் போதாமல் அது அணையலாம்.

ஃப்ரிட்ஜ் ஓடும்போதே அளக்க வேண்டும். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் இறக்கம் தெரியவே தெரியாது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஃப்ரிட்ஜ் பிளஸ்ஸிலும் வையுங்கள். எட்டாவிட்டால் துண்டு ஒயரால் நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்டேஜ். மைனஸ் பக்கத்தையும் இப்படியே அளங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து 0.36 வோல்ட்டுக்குள், அதாவது 12 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

அதிகமாக இருந்தால் ஃப்யூஸ் ஹோல்டர், சுவிட்ச், லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) என்று ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பெங்களூர் அல்சூரில் நண்பரின் வேனில் ஃப்யூஸ் ஹோல்டரில் மட்டுமே 0.8 வோல்ட் போனது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, தொட்டால் சுட்டது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் புதுசு வாங்கி மாட்டினோம், சரியாகிவிட்டது.

ஜாயின்ட் எல்லாம் சரி என்றால் ஒயர்தான் மெலிசு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருந்தால் அதை மாற்றி 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள்.