'பாண்டி' என்று கூப்பிட்டால் என்ன செய்வது?

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலை எஸ்டேட் லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் காலேஜுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஹாஸ்டலில் முதல் வாரமே யாராவது 'எடா பாண்டி' என்பான் (தமிழர்களை அங்கே இளக்காரமாகக் கூப்பிடுகிற பெயர்), நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பான், நாம் பேசுகிற மலையாளத்தை அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பான். தானாக நின்றுவிடும் என்று நம்பி நானும் ஒரு வருஷம் கூடச் சேர்ந்து சிரித்தேன். நிற்கவில்லை. அடுத்த வருஷம் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயரே தெரியாது.

அதனால் முதல் தடவையே முகத்தைப் பார்த்து, மலையாளத்திலேயே சொல்லிவிடுங்கள்: 'என்னெ பேரு விளிச்சா மதி' (என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்). அவ்வளவுதான். இந்த ஒரு வரியிலேயே நிறுத்திக்கொண்டு பிறகு நல்ல நண்பர்களானவர்களும் உண்டு. கை மட்டும் நீட்டாதீர்கள், கேஸ் நம் மேல் திரும்பிவிடும்.

அப்புறமும் தொடர்ந்தால் அன்று ராத்திரியே ஒரு நோட்டில் தேதி, இடம், கூட இருந்தவர்கள், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வார்த்தையைத் தமிழில் மாற்றாமல் அவன் சொன்ன மலையாளத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் விசாரணையில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று நழுவ இடம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்.

'சும்மா விளையாட்டு' என்று சமாதானம் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நிறம், இனம், சாதி, ஊர், மொழி இவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று 2016-இலேயே யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் சேர்த்துவிட்டார்கள், செய்தது சீனியரா கூடப் படிக்கிறவனா என்ற பேச்சே கிடையாது. கேரளத்தின் 1998 ராகிங் தடைச் சட்டப்படி, எழுத்தில் புகார் வந்தால் பிரின்சிபால் 7 நாளுக்குள் விசாரிக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் சஸ்பெண்ட் செய்து போலீசுக்கு அனுப்ப வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தனியாகவும் போகாதீர்கள், பார்த்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். காலேஜ் இழுத்தடித்தால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் கூப்பிடலாம்.

வீட்டில் சொல்லுங்கள். கொழுந்து கிள்ளி ஃபீஸ் கட்டுகிற அம்மாவிடம் இதைச் சொல்ல மனசு வராது, எனக்கும் வரவில்லை, அந்த வருஷம் முழுக்கத் தனியாகவே கிடந்தேன். ஆனால் பெற்றோரும் புகார் கொடுக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அம்மாவுக்கு எழுத வராவிட்டால் நீங்கள் எழுதுங்கள், அவர் கையெழுத்துப் போடட்டும்.