மணலில் தூங்கும் மீனுக்குக் குவாரன்டைன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்பின் அளவைப் பாருங்கள், ஹீட்டரைச் சரிபாருங்கள், புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கடல்மீன் வளர்க்க வந்தவருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் லெப்பர்ட் ராஸ், மஞ்சள் கோரிஸ் ராஸ் மாதிரி இருட்டினதும் மணலுக்குள் புகுந்து தூங்கும் மீன்களை வாங்குகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்களெல்லாம் அடித்த அதே கூத்தை இன்றைக்கும் அடிக்கிறார்கள்.

வெறும் கண்ணாடித் தரை

புது மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் தனியாக வைத்துக் கவனிக்கும் குவாரன்டைன் தொட்டியின் அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பார்கள். மணலில் புகாத டாங், க்ளௌன் மாதிரி மீன்களுக்கு அது சரி. ராஸ் மிரண்டால் தலைகீழாகப் பாயும். கீழே இருப்பது மணலா கண்ணாடியா என்று பார்த்துக்கொண்டு பாயாது. நாலைந்து முறை மோதினால் வாய்முனை வெளுத்து, தோல் உரிந்து, தாடை வீங்கிவிடும். லெப்பர்ட் ராஸ் ஏற்கெனவே சாப்பாட்டில் பிகு பண்ணுகிற மீன். வாயும் புண்ணாகிவிட்டால் அவ்வளவுதான். பிவிசி குழாய்த் துண்டு போட்டிருக்கிறேனே என்றால், அது டாங் ஒளிந்துகொள்ள. ராஸுக்குத் தேவை மணல்.

தொட்டி முழுக்க மணல், அதில் காப்பர்

மணல் வேண்டும் என்றதும் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். பெரிய தொட்டிக்கு வாங்கியதில் மிஞ்சிய பவள மணலைத் தரை முழுக்கப் பரப்பி, அதன்மேல் வெண்புள்ளி நோய்க்கான காப்பர் (செம்பு) மருந்தை ஊற்றுவது. எத்தனை பேருக்குச் சொல்லியும் தீராத எரிச்சல் எனக்கு இதில்தான்.

பவள மணல் என்பது கால்சியம் கார்பனேட். அது தண்ணீரில் உள்ள காப்பரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கீலேட் வகைக் காப்பர் (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்த மருந்து) வேலை செய்ய 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) வரை வேண்டும், அதுவும் ஒரு நாள்கூட இறங்காமல் 30 நாள். பவள மணல் இருக்கும் தொட்டியில் அது நடக்காது.

ஒரு தம்பி தினமும் காப்பர் அளவைக் குறித்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். காலையில் 2.2, இரவு 1.5, மருந்து ஊற்றியிருக்கிறார். மறுநாள் 1.7, மறுபடியும் ஊற்றியிருக்கிறார். “டெஸ்ட் கிட் கெட்டுப்போச்சாண்ணே?” என்று கேள்வி. கிட் நன்றாகத்தான் இருந்தது. இப்படி ஊற்றிக்கொண்டே போய், ஒரு வாரம் தண்ணீர் மாற்றாமல் பிஹெச் இறங்கியபோது, மணல் பிடித்து வைத்ததில் ஒரு பங்கைத் திரும்ப விட்டது. ராஸ் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கியது. அன்று இரவே போய்விட்டது. அதன் விலையைச் சொன்னால் வயிறு எரியும்.

இன்னொரு கேடும் உண்டு. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனிலிருந்து கழன்று தரையில் ஒட்டி, கூடு கட்டிப் பெருகும். கூட்டுக்குள் இருக்கும்வரை காப்பர் அதை ஒன்றும் செய்யாது. வெளியே நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அவை பெரும்பாலும் வெளிவருவது இருட்டில், விடிவதற்கு முன். நம் ராஸ் அந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கிறது? அதே மணலில். காப்பர் அளவு ஒரு இரவு தாழ்ந்திருந்தால் போதும், எல்லாம் முதலிலிருந்து.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தரையை வெறுமனே விட்டு, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் மட்டும் மணல் போடுங்கள். மீனின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான டப்பா, மணல் 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழம், ரவை பருமனில். நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் நல்லது. கடைக்காரர் சிலிக்கா என்று சொன்னாலும் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது, வேண்டாம். டப்பா இரண்டாக இருக்கட்டும். சில நாளுக்கு ஒருமுறை, மீன் வெளியே நீந்தும் பகல் நேரத்தில், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அதே இடத்தில் வையுங்கள். எடுத்த மணலை அலசி, வெயிலில் பொரபொரவென்று காயவைத்த பிறகுதான் மறுபடி உள்ளே போக வேண்டும்.

காப்பரை ஒரேயடியாக ஏற்றுவது

ராஸ் தாங்காது. நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். லேபிளை நம்பாமல் அளந்து பார்த்து ஊற்றுங்கள்.

காப்பரோடு அமோனியா குறைப்பான்

மீன் கழிவில் சேரும் அமோனியாவை அடக்க ஊற்றும் திரவங்களில் சில, அயனி வகைக் காப்பரோடு (எதனோடும் பிணைக்காத செம்பு) சேர்ந்தால் அதன் விஷத்தைக் கூட்டிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் புதுத் தண்ணீரிலும் அதே காப்பர் அளவு இருக்கட்டும்.

தோண்டிப் பார்ப்பது

புது ராஸ் இரண்டு மூன்று நாள், சிலது ஒரு வாரம்கூட, வெளியே வராது. தோண்டாதீர்கள். செத்திருந்தால் அமோனியா டெஸ்ட் சொல்லும்.

மூடி

ராஸ் துள்ளி வெளியே விழும். வலை மூடி போடுங்கள், ஒயர் போகும் சந்தைக்கூட அடைத்து.

மணலில் இருப்பதெல்லாம் ராஸ் என்று நினைப்பது

மணலை வாயால் சலித்துத் தின்னும் கோபி மீன்களுக்குக் கழுவிக் காயவைத்த மணலில் இரை கிடையாது. உறைந்த மைசிஸை (சின்ன இறால் போன்ற இரை) நாளுக்கு மூன்று நாலு வேளை கொடுக்காவிட்டால் வயிறு ஒட்டிப்போகும். வளை தோண்டி வாழும் ஜாஃபிஷுக்கு வெறும் மணல் போதாது. வளையின் சுவரைத் தாங்கச் சின்னக் கல்லும் சிப்பித் துண்டும் கலந்து போட வேண்டும். கார்டன் ஈலுக்கு இந்த டப்பாவே ஆகாது. உடம்பை ஊன்ற அதற்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாத மணல் தேவை. அத்தனை மணலைக் காயவைத்து மாற்றிக்கொண்டிருக்க முடியாதவர்கள் கார்டன் ஈல் வாங்காமல் இருப்பது நல்லது.