ஜாவா கம்பைலர் எரர்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் இப்போதுதான் பழகுகிறீர்கள், கம்பைல் கொடுத்ததும் திரை நிறைய எரர் கொட்டுகிறது, கண்ணில் படும் கடைசி எரரில் கை வைக்கிறீர்கள். வேண்டாம். மேலே போய் முதல் எரரைப் பிடியுங்கள், அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்தால் மீதியில் பல தானாகவே காணாமல் போகும்.

வரி எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'ரீச்டு எண்ட் ஆஃப் ஃபைல்' என்று கடைசி வரியைக் காட்டினால் பெரும்பாலும் மேலே எங்கோ ஒரு கர்லி பிராக்கெட்டை மூடாமல் விட்டிருப்பீர்கள். 'கேனாட் ஃபைண்ட் சிம்பல்' வந்தால் அதற்குக் கீழே சிம்பல், லொகேஷன் என்று இரண்டு வரி இருக்கும். எந்தப் பெயரை எந்த கிளாஸில் தேடியும் கிடைக்கவில்லை என்பது அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை!

இனி, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர். அக்கவுண்ட் கிளாஸில் பெயரை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை எழுதிய உடனே ஜாவா தானாகக் கொடுத்துவந்த காலி கன்ஸ்ட்ரக்டர் போய்விடும். ஆனால் எரர் வருவது, அக்கவுண்டை எக்ஸ்டெண்ட் செய்யும், நீங்கள் தொடவே தொடாத சேவிங்ஸ் கிளாஸில். அங்கே கன்ஸ்ட்ரக்டரின் முதல் வேலையாகக் காலி சூப்பர் (தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பது) ஒன்றை கம்பைலரே செருகிப் பார்க்கிறது, பொருந்தவில்லை. சூப்பருக்குள் பெயரை நீங்களே அனுப்புங்கள். அக்கவுண்டில் காலி கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்தாலும் எரர் அடங்கிவிடும், ஆனால் அப்புறம் பெயரே இல்லாத கணக்குகள் உருவாகும்.

இருப்பதிலேயே மோசம், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக இல்லாமல் கிளாஸுக்கே பொதுவாக்கும் ஸ்டாட்டிக்கைக் கண்ட இடத்தில் ஒட்டுவது. புரோகிராம் தொடங்கும் மெயின் மெத்தட் ஸ்டாட்டிக் என்பதால் ஆப்ஜெக்ட் இல்லாமலே ஓடும்; அதற்குள் வெறுமனே பேலன்ஸ் என்று எழுதினால் யாருடைய பேலன்ஸ் என்று கம்பைலர் கேட்கிறது, நியாயமான கேள்விதானே? எக்லிப்ஸ் போன்ற எடிட்டர், பேலன்ஸை ஸ்டாட்டிக் ஆக்கிவிடலாம் என்று யோசனை சொல்லும். சரி என்று அமுக்கினால் எரர் போய்விடும், முருகன் கணக்கில் 500 போட்டால் மேரி கணக்கிலும் 500 காட்டும். நியூ போட்டு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் வழியாகவே பேலன்ஸைக் கேளுங்கள். வேறு கிளாஸிலிருந்து தொட முடியாது என்று பிரைவேட் எரர் வந்ததும் எல்லாவற்றையும் பப்ளிக் ஆக்குவதும் இதே ரகம்தான்.

எரர் வராமல் ஏமாற்றுவதும் உண்டு. ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றித் தரும் டுஸ்ட்ரிங் மெத்தடில் நடுவே வரும் பெரிய எஸ்ஸைச் சின்னதாக அடித்தால் கம்பைலர் வாயே திறக்காது, அதைப் புது மெத்தடாக எடுத்துக்கொள்ளும். மேல் வரியில் அட் ஓவர்ரைடு (தாய் கிளாஸின் மெத்தடைத்தான் மாற்றி எழுதுகிறேன் என்ற குறிப்பு) போட்டு வையுங்கள், அப்போது அதே இடத்தில் எரர் காட்டும்.