ஊருக்குப் போகும்போது கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு

சென்னையிலோ மதுரையிலோ கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று விமானம் ஏறுபவர்கள் முதலில் நாட்களைக் கணக்கிட வேண்டும். லேசர் பாய்வது சில விநாடிகள்தான். அதற்கு முன்னும் பின்னும் ஓய்வான நாட்கள் வேண்டும்.

சாதாரண காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, அதாவது புறப்படும் முன்பே, அதை நிறுத்திவிட வேண்டும். கடின லென்ஸ் என்றால் இன்னும் முன்னதாக. கருவிழி என்னும் கண்ணின் முன்புறத் தெளிவான படலத்தின் வளைவை லென்ஸ் சற்று மாற்றி வைத்திருப்பதால் அளவு பிசகிவிடும். "நேற்றுவரை போட்டிருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே செய்துவிடலாம்" என்று அவசரப்படுத்தும் இடத்தில் உட்காராதீர்கள்.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன் கொண்டது (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த இரங்கசாமி சீனிவாசன், 1981இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, எக்சைமர் லேசர் என்ற புற ஊதாக் கதிர், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் மெல்லிய அடுக்காகச் செதுக்கும் என்று கண்டறிந்ததால்தான் மைக்ரான் கணக்கில் இந்தச் சிகிச்சை சாத்தியமாயிற்று. ஒரு பவரைச் சரிசெய்யக் கருவிழியின் தடிமன் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் குறையும். லேசிக் முறையில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாகத் திறந்து, அடியில் லேசர் செலுத்துவார்கள்; அந்த மடலுக்கும் தடிமன் போய்விடுவதால், மெல்லிய கருவிழிக்கு அது ஒத்துவராது. என் மகளுக்கு மருத்துவர் பி.ஆர்.கே. முறையைச் சொன்னது அதனால்தான். அதில் மடல் கிடையாது; மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் செலுத்துவார்கள். அந்தத் தோல் மீண்டும் வளரும்வரை பாண்டேஜ் லென்ஸ் என்ற பாதுகாப்பு காண்டாக்ட் லென்ஸ் கண்ணிலேயே இருக்கும். வலி, கண்ணீர், வெளிச்சக் கூச்சம் எல்லாம் சில நாட்கள் நீடிக்கும்.

அந்த நாட்களில்தான் கும்பகோணத்தில் அத்தையின் புதுமனை புகுவிழா வந்தது. "பத்து நிமிஷ ஆபரேஷன்னுதானே சொன்னே? ஓமத்துக்கு ஒரு ஓரமா உட்கார்ந்தா என்னடா ஆயிடும்?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார், மறுநாள் காலையில் காரையும் அனுப்பிவிட்டார். திரைச்சீலை இழுத்த அறையில் கறுப்புக் கண்ணாடியுடன் மகள் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்க, வாசலில் நின்ற ஓட்டுநரிடம் நான் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். தோல் மூடாத கண்ணில் புகையும் தூசியும் படக்கூடாது, கிருமித்தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து என்று எத்தனை முறை சொல்லியும், பேத்தியை அனுப்ப மனமில்லை என்றே அத்தைக்குப் பட்டது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, நான் டொராண்டோவில் இருந்த நாட்களில், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவர் அவர்தான். அவரிடம் "முடியாது" என்று சொல்ல நேர்ந்தது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் அதே பதிலைத்தான் மறுபடியும் சொல்வேன்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே உறவினர்களிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். விசேஷங்களை முடித்துக்கொண்டு சிகிச்சைக்குப் போங்கள். அதே சமயம் மறுபரிசோதனைகளுக்கும் நாள் மிஞ்ச வேண்டும். காவிரிக் குளியலும் நீச்சலும் சில வாரங்களுக்குக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது. பி.ஆர்.கே.க்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாரக்கணக்கில் தொடரக்கூடும். அது கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால், திரும்பிப் போனதும் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு கண் மருத்துவரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தூரப் பார்வை சரியானாலும் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.

சிகிச்சைக்கு முன் எடுத்த கருவிழி அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்து உள்விழி லென்ஸ் பொருத்த நேர்ந்தால், அதன் பவரைச் சரியாகக் கணக்கிட அந்தத் தாள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.